அலாரம் நடந்த தூரம்

பழைய தானியங்கித் தொலைபேசி நிலையங்களில் இருந்த பியூஸ் வீட்டுச் சுவரில் இருப்பதைப் போன்றதன்று. அதன் மெல்லிய கம்பி ஒரு சிறிய வில்தகட்டை வளைத்துப் பிடித்திருக்கும். தகட்டின் நுனியில் நிறமிட்ட கண்ணாடி மணி ஒன்று இருக்கும். அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்து கம்பி உருகியதும் தகடு விடுபட்டுத் துள்ளி, பக்கத்திலுள்ள உலோகச் சட்டத்தைத் தொடும். தொட்டதும் அலாரச் சுற்று பூர்த்தியாகி, அறையில் மணி அடிக்கும். பழுதைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவி வேண்டியிருக்கவில்லை. பழுதே பொத்தானை அமத்திவிடும்.

தொலைபேசி வலையமைப்பின் அலாரம் தன் வாழ்வை இந்தத் துள்ளலில்தான் தொடங்கியது. அன்று அது போக வேண்டிய தூரம் சில அடிகள். அறையின் மறு கோடியில் நிற்கும் தொழில்நுட்பவியலாளரின் காதை எட்டினால் போதும். இன்று திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு தெருப் பெட்டியில் பழுது ஏற்பட்டால், அச்செய்தி சுமார் 260 கிலோமீற்றருக்கு அப்பால் கொழும்பில் ஒரு திரையில் எழக்கூடும். தூரம் கூடக் கூட அலாரம் வேகமும் நுட்பமும் பெற்றது. பழுது பிறந்த மண்ணைப் பற்றிய அறிவு மட்டும் வழியில் உதிர்ந்துபோகும் ஆபத்து வந்தது. எங்கே பழுது என்று அலாரம் சொல்லும். ஏன் பழுது என்று சொல்ல அந்த ஊரை அறிந்த ஒருவர் வேண்டும்.

ஒரே அறைக்குள்

அமெரிக்காவில் பிரேதச் சடங்குத் தொழில் செய்துவந்த அல்மன் ஸ்ட்ரோஜர், 1891-ல் தானியங்கி இணைப்புக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய முறையில் அமைந்த முதல் நிலையம் 1892 நவம்பரில் இந்தியானா மாநிலத்தின் லா போர்ட் நகரில் திறக்கப்பட்டது. வாடிக்கையாளர் டயலைச் சுழற்ற, நிலையத்தில் ஒரு தண்டு ஒவ்வொரு படியாக மேலே ஏறி, பிறகு பக்கவாட்டில் சுழன்று, வேண்டிய இணைப்பைத் தேடிப் பிடிக்கும். ஆயிரக்கணக்கான இந்தத் தண்டுகள் ஏறுவதும் இறங்குவதுமாக அறை நாள் முழுதும் படபடவென்று ஒலிக்கும்.

அந்த இரைச்சலுக்குள் பழுதைத் தேட ஒரு நேர்த்தியான ஒழுங்கு இருந்தது. மணி அடித்தால் முதலில் சுவரிலுள்ள அலாரப் பலகையைப் பார்க்க வேண்டும். எந்த வரிசை என்று அங்கே ஒரு விளக்கு காட்டும். வரிசையின் முனைக்குப் போனால் எந்தச் சட்டம் என்று இன்னொரு விளக்கு காட்டும். சட்டத்தின் முன் நின்றால் துள்ளி வெளியே நீட்டிய பியூஸின் கண்ணாடி மணி கண்ணில் படும். மணியோசையில் தொடங்கி விளக்கு, விளக்கிலிருந்து பியூஸ் என மூன்றே அடிகளில் ஆள் பழுதின் முன் நிற்பார்.

பிரித்தானியத் தபால்துறையின் நடைமுறையில் அலாரங்கள் இரண்டு வகை. ஒன்று உடனே ஓடிப்போய்ப் பார்க்க வேண்டியது. மற்றது வேலை நேரம் வரும்வரை பொறுக்கக்கூடியது. அழைப்பு மணிக்கான மின்னோட்டம் நின்றுபோனால் எந்த வீட்டிலும் தொலைபேசி ஒலிக்காது. அது முதல் வகை. யாரோ ஒருவர் கதைத்து முடித்த பின் றிசீவரைச் சரியாக வைக்காமல் விட்டால் ஒரு கருவி வீணாகப் பிடிபட்டுக் கிடக்கும். அது இரண்டாம் வகை. எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்ற இந்தப் பிரிப்புத்தான் இன்றைய அலார முறைகள் அனைத்துக்கும் வேர்.

கடலோரத்தின் குணம்

திருகோணமலை நகரம் கடலுக்குள் நீண்ட ஒரு நிலமுனையில் இருக்கிறது. ஒரு பக்கம் திறந்த வங்கக் கடல், மறுபக்கம் உள்துறைமுகம், தெற்கே கொட்டியாறுக் குடா. பிரித்தானியக் கடற்படை 1957-ல் வெளியேறும்வரை கப்பல்களுக்கு அடைக்கலம் தந்த அதே நீர்தான், நகரத்துச் செப்புக் கம்பிகளுக்கு ஓயாத பகையாக இருந்தது. காற்றோடு வரும் உப்பு, இணைப்புகளின் மேல் படிந்து ஈரத்தை இழுக்கும். ஈரமும் மின்னழுத்தமும் சேர்ந்தால் செம்பு அரிக்கும்.

தொலைபேசி நிலையங்கள் 48 வோல்ற் மின்கலத்தில் இயங்குகின்றன. அந்தக் கலத்தின் நேர் முனை நிலத்தோடு இணைக்கப்பட்டு, கம்பிகள் எதிர் அழுத்தத்தில் இருக்கும். மின்னரிப்பில் செம்பு கரைவது நேர் முனையில்தான். கம்பி எதிர் முனையாக இருந்தால் அந்தக் கரைப்புக் குறையும். உலகெங்கும் தொலைபேசித் துறை 'மைனஸ் 48 வோல்ற்' என்று சொல்வதன் காரணம் இது. திருகோணமலை போன்ற ஊரில் இந்த ஏற்பாடு கம்பிகளின் ஆயுளையே கூட்டித் தருகிறது.

ஆனாலும் பழுது வரும். அதன் வருகைக்குப் பருவம் உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று காய்ந்து வீசும். அந்த மாதங்களில் படியும் தூசியும் உப்பும் பேசாமல் கிடக்கும். ஒக்டோபரில் பருவ இடைக்கால இடிமழை தொடங்கியதும் அந்தப் படிவு முழுவதும் ஒரே நாளில் மின்கடத்தியாக மாறும். பிறகு வாடைக் காற்றோடு வரும் மாரி மழை நிலத்தடிக் கேபிள்களைச் சோதிக்கும். புயல்களும் இந்தக் கரையை விட்டுவைத்ததில்லை. 2000 டிசெம்பர் 26-ல் ஒரு புயல் திருகோணமலைக்குத் தெற்கே கரையேறியது. 2020 டிசெம்பர் 2-ல் புரெவி இதே மாவட்டத்தை ஒட்டிக் கரை கடந்தது.

மழைக்குப் பின் இருபது வாடிக்கையாளர்களின் தொலைபேசி ஒரே நேரத்தில் செத்துப்போனால், கேபிள் வேலை தெரிந்தவர் முதலில் பார்ப்பது அந்த இருபது கம்பிச் சோடிகளின் இலக்கங்களை. அவை அடுத்தடுத்த இலக்கங்களாக இருந்தால் பழுது கேபிளில் இருக்கிறது. ஏதோ ஒரு இணைப்பில் நீர் புகுந்திருக்கும். அவை வெவ்வேறு கேபிள்களில் சிதறியிருந்து, நிலையத்தின் ஒரே மின்சுற்று அட்டையில் சேர்ந்தால் பழுது அந்த அட்டையில் இருக்கிறது. பல அட்டைகளும் ஒன்றாக விழுந்திருந்தால் மின்வழங்கலையோ மேலிணைப்பையோ பார்க்க வேண்டும். இடி மின்னலுக்குப் பிறகு சில இணைப்புகள் மட்டும் நிலத்தோடு ஒட்டியதுபோல் காட்டினால், நிலையத்தின் நுழைவாயிற் சட்டத்தில் மின்னலைத் தாங்கிக்கொண்ட காப்புக் குழாய் கருகி ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு. அந்தச் சின்னக் குழாய் தன்னை மாய்த்துக்கொண்டு அட்டையைக் காத்திருக்கும். அதை மாற்றினால் இணைப்பு உயிர்பெறும்.

பெரிய கேபிள்களைக் காக்க இன்னொரு நுட்பமும் கையாளப்பட்டது. கேபிளுக்குள் உலர்ந்த காற்றை அழுத்தத்தோடு செலுத்தி வைப்பார்கள். உறையில் துளை விழுந்தால், அந்தக் காற்று வெளியேறிக்கொண்டே இருப்பதால் நீர் உள்ளே வர முடியாது. அழுத்தம் குறைவதை உணர்ந்து ஒரு அலாரம் எழும். ஒரு வாடிக்கையாளரின் இணைப்பும் அறுபடுவதற்கு முன்பே வரும் எச்சரிக்கை அது. அலாரங்களின் வரலாற்றில் இதற்குத் தனி மரியாதை உண்டு. மற்றவை நடந்து முடிந்த கேட்டை அறிவித்தன. இது வரப்போகும் கேட்டை அறிவித்தது.

குடாவைத் தாண்டிய குரல்

நாட்டின் தொலைபேசி நிலையங்கள் டிஜிட்டல் முறைக்கு மாறியபோது அலாரம் தன் மணியையும் விளக்கையும் தாண்டி வளர்ந்தது. 1991-ம் ஆண்டின் 25-ம் இலக்கச் சட்டத்தின் கீழ் அரசாங்கத் திணைக்களம் ஸ்ரீலங்கா டெலிகொம் ஆனது. 1997-ல் ஜப்பானின் என்.டி.டி. நிறுவனம் அதன் 35 சதவீதப் பங்குகளை வாங்கியது. படபடத்த அறைகள் அமைதியாகி, கணினிகள் வந்தன. அலாரம் ஒரு வரி எழுத்தாயிற்று. எரிக்சனின் ஏ.எக்ஸ்.இ. நிலையங்கள் அதை ஏ1, ஏ2, ஏ3 என்று தரம் பிரித்தன. 1992-ல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் எக்ஸ்.733 பரிந்துரை, மிகக் கடுமையானது முதல் வெறும் எச்சரிக்கை வரை தரங்களை வகுத்து, பழுது நீங்கியதையும் ஒரு செய்தியாக அறிவிக்கும் வழியைப் பொதுவாக்கியது.

இக்காலத்தில் அலாரம் பெற்ற மிகப் பெரிய ஆற்றல், இரண்டு திசைகளிலும் பயணிப்பது. அதைப் புரிந்துகொள்ள, திருகோணமலை நிலையத்தையும் குடாவின் மறுகரையிலுள்ள மூதூரையும் ஓர் இடைநிலையத்தின் வழியாக இணைக்கும் டிஜிட்டல் வழித்தடம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம்.

அந்த வழித்தடத்தில் ஒரு விநாடிக்கு 20,48,000 பிற்றுகள் ஓடுகின்றன. அவை 32 பகுதிகளைக் கொண்ட சட்டகங்களாக, விநாடிக்கு 8,000 தடவை வருகின்றன. 30 பகுதிகளில் மக்களின் பேச்சு. பதினாறாம் பகுதியில் அழைப்புக்கான சைகைகள். பூச்சியமாம் பகுதி பேச்சுக்குரியதன்று. சட்டகம் எங்கே தொடங்குகிறது என்று காட்டும் அடையாளமும், அலாரத்துக்கென ஒதுக்கிய ஒரு பிற்றும் அங்கே இருக்கின்றன.

திருகோணமலையிலிருந்து புறப்படும் சமிக்ஞை இடைநிலையத்தை எட்டவில்லை என்று கொள்வோம். இடைநிலையம் மௌனமாக இருக்காது. மூதூரை நோக்கி இடைவிடாமல் 1, 1, 1 என்று ஒன்றுகளை மட்டும் அனுப்பத் தொடங்கும். "எனக்கு முன்னாலேயே வழி அறுந்துவிட்டது, நீ உன்னைச் சந்தேகிக்காதே" என்பது அதன் பொருள். அதைப் பெற்ற மூதூர், தன் அலாரப் பிற்றை ஒன்றாக்கித் திருகோணமலைக்குத் திருப்பி அனுப்பும். "நீ சொல்வது எனக்குக் கேட்கவில்லை" என்பது அதன் பொருள்.

இப்போது இரு முனைகளிலும் அலாரம் எரிகிறது. அவசரப்படுபவர் மூதூருக்கு ஆளை அனுப்புவார். யோசிப்பவர் இப்படிப் பகுப்பார்: மூதூரின் பதில் திருகோணமலைக்கு வந்து சேர்ந்திருக்கிறது, ஆகவே திரும்பும் திசை நலமாக இருக்கிறது. மூதூருக்கு ஒன்றுகளாவது கிடைக்கின்றன, ஆகவே இடைநிலையத்திலிருந்து மூதூர் வரையுள்ள வழியும் நலம். மிஞ்சுவது திருகோணமலையிலிருந்து இடைநிலையம் வரை, அதுவும் போகும் திசை மட்டும். யாரும் கதிரையை விட்டு எழும்புமுன்னரே பழுதின் இருப்பிடம் மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. பிறகு சமிக்ஞையை ஒவ்வொரு இடத்திலும் வளைத்துத் திருப்பிப் பார்த்து, எந்த வளையத்தில் அலாரம் அணையவில்லை என்று கண்டால் இடம் உறுதியாகும்.

இந்தப் பகுப்பின் பயனை அறிய அன்றைய வீதியை நினைத்துப் பார்க்க வேண்டும். 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் கடலோர வழியாகக் கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் போக, துறைகளில் பாதைப் படகுக்குக் காத்திருக்க வேண்டும். போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளும் சேர்ந்துகொண்டன. தவறான முனைக்கு ஆளை அனுப்பினால் ஒரு பகல் போய்விடும். அந்தப் பகல் முழுதும் ஒரு பிரதேசம் பேச்சற்றுக் கிடக்கும்.

குடாவைத் தாண்டும் இணைப்பு நுண்ணலையாக இருந்தால் கடலும் விசாரணைக்குள் வரும். அமைதியான நீர்ப்பரப்பு அலையைத் தெறிக்கவைக்கும். நேராக வந்த அலையும் நீரில் பட்டு வந்த அலையும் ஒன்றையொன்று அழிக்க, பிழைவீத அலாரம் எழும். காற்று எழுந்து கடல் கலங்கினால் அலாரம் தானே அணையும். கருவியைக் கழற்றிப் பார்ப்பவருக்கு எதுவும் அகப்படாது. அலாரப் பதிவின் நேரங்களையும் கடலின் நேரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கே காரணம் புலப்படும்.

கேட்க ஆளில்லாத மணி

அலாரங்களில் மிக ஆபத்தானது மின்சாரத்தைப் பற்றியது. ஊர் மின்சாரத்தை நேர்மின்னாக மாற்றும் ரெக்டிபையர், நிலையத்தையும் இயக்கி, தலா 2 வோல்ற் கொண்ட 24 கலங்களையும் நிரப்பி வைத்திருக்கும். மின்சாரம் நின்றால் கலங்கள் சுமையை ஏற்கும், ஜெனரேற்றர் எழும்பும். எல்லாம் இவ்வளவு சீராக நடப்பதால் ரெக்டிபையர் செத்துப்போனாலும் வாடிக்கையாளருக்கு எதுவும் தெரியாது. கலங்கள் தீரும்வரை அழைப்புகள் போய்க்கொண்டே இருக்கும். அதுவரை உண்மையை அறிந்தது அலாரம் மட்டுமே.

1991 செப்டெம்பர் 17-ல் நியூயோர்க்கில் இதுதான் நடந்தது. மன்ஹற்றனின் தோமஸ் வீதியிலுள்ள ஏ.டி. அன் டி. நிறுவனத்தின் நிலையம், நகரின் மின்சுமையைக் குறைக்கத் தன் சொந்த ஜெனரேற்றருக்கு மாறியது. அந்த மாற்றத்தில் ரெக்டிபையர்கள் நின்றுபோயின. நிலையம் கலங்களில் ஓடத் தொடங்கியது. அலாரங்கள் எழுந்தன. ஆனால் அங்கே இருந்திருக்க வேண்டியவர்கள் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தார்கள். அந்த வகுப்பே புதிய அலார முறையைப் பற்றியது. சுமார் ஆறு மணி நேரம் கலங்கள் வடிந்தன. பிறகு நிலையம் இருண்டது. விமானக் கட்டுப்பாட்டின் தொடர்புகளும் அதன் வழியாகவே ஓடியதால், நியூயோர்க்கின் விமான நிலையங்கள் முடங்கின.

கருவி தன் கடமையைச் செய்தது. அலாரம் தன் பயணத்தைத் தொடங்கியது. அதைப் பெற்றுக்கொள்ள ஒரு மனிதர் இல்லாததால் அப்பயணம் முடிவுறவில்லை. இலங்கையரான நமக்கு இது தூரத்துக் கதையாகத் தோன்றக் கூடாது. 2022 மார்ச் இறுதியில் நாடு ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டில் இருந்தது, டீசலும் இல்லை. 2025 பெப்ரவரி 9-ல் பாணந்துறைத் துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியது. அப்படியான நாட்களில் எந்தக் கைத்தொலைபேசிக் கோபுரத்தின் கலம் பழையது, எதற்கு முதலில் டீசல் கொண்டுபோக வேண்டும், வெள்ளம் மறித்தால் எந்த வீதியால் சுற்றிப் போகலாம் என்பதை அறிந்த உள்ளூர்க்காரரின் பெறுமதி எந்தக் கணக்கேட்டிலும் வராது.

அலாரப் புயல்

ஒரு பிரதான ஒளியிழைக் கேபிள் அறுந்தால் அலாரம் ஒன்றாக வராது. அந்தக் கேபிளில் ஏறியிருந்த ஒவ்வொரு வழித்தடமும், ஒவ்வொரு நிலையமும், ஒவ்வொரு கோபுரமும் தனித்தனியே முறையிடும். சில நொடிகளில் திரை சிவந்து நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும். எல்லாமே உண்மையைச் சொல்கின்றன. எல்லாவற்றையும் நம்பினால் எங்கும் போய்ச்சேர முடியாது.

ஊரில் ஒரு சாவு விழுந்தால் முதல் ஒப்பாரி எந்த வீட்டில் எழுந்தது என்று பார்த்தால்தான் இழவு வீடு தெரியும். அலாரப் புயலிலும் அதே விதி. நேர முத்திரையில் எது முதலில் வந்தது, எது மற்ற எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கிறது என்று தேட வேண்டும். மேலடுக்கின் முறையீடுகளை ஒதுக்கி, ஒளி வரவில்லை என்று சொல்லும் அந்த ஒரு வரியைப் பிடிக்க வேண்டும். அதைச் சரிசெய்தால் மற்றவை தாமாக அணையும். அணையாமல் மிஞ்சும் ஒன்றிரண்டு, புயலுக்குள் மறைந்திருந்த வேறு பழுதுகள். அவற்றைக் கவனிக்காமல் திரையை மூடுவது பெருந்தவறு.

சில வேளைகளில் குணமடையும் செய்தியே நோயைப் பரப்பும். 1990 ஜனவரி 15-ல் ஏ.டி. அன் டி.யின் ஒரு நிலையம் சிறு கோளாறிலிருந்து மீண்டு, தான் நலம் என்று அயல் நிலையங்களுக்கு அறிவித்தது. மென்பொருளில் தவறான இடத்தில் இருந்த ஒரு கட்டளையால், அச்செய்தியைப் பெற்ற நிலையங்கள் தாமும் விழுந்து, எழுந்து, அதே செய்தியைப் பரப்பின. 114 நிலையங்கள் இப்படி ஒன்றையொன்று வீழ்த்திக்கொண்டிருக்க, அமெரிக்காவின் தொலைதூர அழைப்புகள் சுமார் 9 மணி நேரம் தடுமாறின. ஒவ்வொரு நிலையத்தையும் தனியே பார்த்தால் பழுதே தெரியாது. அலாரங்களின் வரிசையை வைத்துத்தான் அந்தச் சுழலைக் காண முடிந்தது.

கருவி பழுதாகாத நாள்

எந்தப் பாகமும் கெடாமல் எழும் அலாரமும் உண்டு. தொலைபேசி நிலையம், எல்லோரும் ஒரே நேரத்தில் கதைக்க மாட்டார்கள் என்ற கணக்கில் கட்டப்படுவது. டென்மார்க்கின் கணிதவியலாளர் ஏ. கே. ஏர்லாங் 1909-ல் அந்தக் கணக்குக்கு அடித்தளமிட்டார். 2012 ஏப்ரல் 11-ல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டு, கிழக்குக் கரையெங்கும் மக்கள் கடலை விட்டு ஓடியபோது, 2004 சுனாமியை மறக்காத ஒவ்வொரு குடும்பமும் தன் பிள்ளையைத் தேடித் தொலைபேசியை எடுத்தது. அப்படியான வேளையில் நிலையம் மிகைச்சுமை அலாரம் எழுப்பி, அவசரச் சேவைகளுக்கு வழிவிட்டு, மற்ற அழைப்புகளில் ஒரு பகுதியைத் திருப்பிவிடும். அந்த அலாரத்துக்கு மாற்ற வேண்டிய அட்டை எதுவும் இல்லை. மக்களின் பயத்தைத்தான் கருவி அளந்து சொல்கிறது.

கடைசி மூச்சு

செம்பு போய் ஒளியிழை வீட்டுக்குள் வந்துவிட்டது. அலாரமும் இன்னொரு பிறவி எடுத்திருக்கிறது. வீட்டிலுள்ள ஒளியிழைப் பெட்டிக்கு மின்சாரம் நின்றால், உள்ளே தேங்கிய சிறிது மின்னேற்றத்தைக் கொண்டு, அணைவதற்குள் ஒரு கடைசிச் செய்தியை அனுப்பிவிட்டு அது கண்மூடும். "எனக்கு மின்சாரம் இல்லை, இழை அறவில்லை" என்பது அச்செய்தி. அது வந்தால் ஆளை அனுப்ப வேண்டியதில்லை. வராமல் மௌனம் மட்டும் இருந்தால் இழை அறுந்திருக்க வாய்ப்புண்டு. அப்போது ஒளித் துடிப்பொன்றை இழைக்குள் செலுத்தி, தெறித்து வரும் நேரத்தை அளப்பார்கள். ஒளி இழைக்குள் 10 கிலோமீற்றர் போய்த் திரும்ப ஒரு விநாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு எடுக்கும். இந்தக் கணக்கைக் கொண்டு அறுந்த இடத்தை மீற்றர் கணக்கில் சொல்லிவிடலாம்.

ஆனால் அந்த மீற்றர் இழையின் நீளம், வீதியின் நீளமன்று. எந்தத் தூணில் எவ்வளவு இழையைச் சுருட்டி விட்டிருக்கிறார்கள், நிலாவெளி வீதியை அகலமாக்கியபோது கேபிள் எந்தப் பக்கம் மாற்றப்பட்டது, எந்த மதகுக்குக் கீழே அது நுழைகிறது என்று தெரிந்தால்தான் அந்த எண் ஓர் இடமாகும். அந்த அறிவு கொழும்புத் திரையில் இல்லை. அதை வைத்திருப்பவர்கள் மழையில் தூணேறியவர்கள், குழி தோண்டியவர்கள், ஓய்வுபெற்று வீட்டில் இருப்பவர்கள்.

அலாரத்தின் பயணத்தை நீட்டியதற்கு நாம் பெருமைப்படலாம். ஆயிரம் இடங்களை ஓர் அறையிலிருந்து பார்க்க முடிவது பெரிய சாதனைதான். அதே அளவு அக்கறையை மறுமுனையிலும் காட்ட வேண்டும். ஒவ்வொரு பழுதும் தீர்ந்தபின் அலாரம் என்ன சொன்னது, உண்மையில் என்ன இருந்தது, எப்படிக் கண்டுபிடித்தோம் என்று மூன்று வரி எழுதி வைக்க வேண்டும். அனுபவசாலி ஓய்வுபெறுமுன் இளையவர் ஒருவர் அவரோடு ஒரு மாரிகாலமாவது வேலை செய்ய வேண்டும். மாவட்டங்களில் ஆட்குறைப்புச் செய்யும்போது திரைகளின் எண்ணிக்கையைக் காட்டிச் சமாதானம் சொல்லக் கூடாது. கடலோரத்தில் ஓர் ஆம்புலன்ஸ் அழைப்பு எடுபடுவதும் எடுபடாமற்போவதும், அலாரம் போய்ச்சேரும் இடத்தில் அந்த ஊரை அறிந்த ஒருவர் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. அப்படி ஒருவரை அங்கே வைத்திருப்பது அலார முறையின் ஒரு பகுதி, செலவில் வெட்டக்கூடிய உபரி அன்று.